இலை ஒட்டிய இறைச்சி

கூடத்துக்குள் நுழைந்ததும் பெரியக்காவின் மூக்கில் ஏறியது வறுபடும் மாட்டிறைச்சியின் வாசனை. மூலையில் ஒரு மின்சாரக் கல்லில் சின்னச் சின்னத் துண்டுகள் சுருங்கிக்கொண்டிருந்தன. வெறும் உப்பு மட்டும்தான், மிளகுகூடப் போடவில்லை. மசாலா சேர்த்தால் ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்று கல்லின் முன்னால் நின்ற பெண் சொன்னாள்.

"மசாலா சேர்க்கலன்னா சாப்பாடு கெட்டுப்போகுமே," என்று தம்பி அக்காவின் காதருகே முணுமுணுத்தான்.

கீழே பெரிய கடை. மேலே, கடை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இந்தக் கூடம். வாடிக்கையாளரிடம் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதைப் பல் தெரியும் படங்களோடு சுவரில் ஒட்டியிருந்தார்கள். நடுவில் வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பென்சில், மூன்று அட்டைகள், ஒரு காகிதத் தட்டு. வந்து உட்கார்ந்திருந்தவர்கள் கீழே கடையில் சாமான் வாங்க வந்தவர்கள்தான். கொஞ்ச நேரம் ஒதுக்கினால் கையில் ஒரு உறையில் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டு மேலே ஏறி வந்திருந்தார்கள். சிலர் காய்கறிப் பையைக் காலடியில் வைத்திருந்தார்கள். உடற்பயிற்சி முடித்த வேர்வையோடு வந்த ஒருவன், கழுத்தில் துண்டோடு முன்வரிசையில் உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியக்காவுக்கும் தம்பிக்கும் ஓரத்தில் இரண்டு நாற்காலி. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மடியில் அவள் பேச வேண்டியதை அச்சடித்துக் கொடுத்த தாள்.

அவளை ஓடைக்கரையில் மாடு வளர்க்கும் எல்லோருமே பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்; அவளைவிட வயதானவர்களும் அப்படித்தான். அப்பா விட்டுப்போன பண்ணையை அவளும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். மாட்டை வளர்த்து, எடை ஏறியதும் கம்பெனிக்கு விற்பது. அந்தக் கம்பெனியின் கடைதான் கீழே இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அங்கிருந்து ஒரு அதிகாரி பண்ணைக்கு வந்தார். கையில் ஒரு ஒட்டுச்சீட்டுச் சுருள். ஒவ்வொரு சீட்டிலும் வட்டத்துக்குள் ஒரு பச்சை இலை. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வளர்த்த மாட்டின் இறைச்சிக்கு அந்த இலையை ஒட்டுவார்களாம், அதற்குக் கூடுதல் விலை கிடைக்குமாம். அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் இலைக்காரர் என்று பெயர்.

இலை சும்மா வரவில்லை. மாடு ஓடையில் இறங்கக் கூடாது. கரையிலிருந்து நல்ல அகலம் விட்டு வேலி போட வேண்டும். வேலிக்குள் மரம் வைக்க வேண்டும். மேய்ச்சலை ஒரே இடத்தில் விடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டை அழித்து விளைவித்த தீவனம் கூடாது. மாடு ஏப்பம் விட்டால் வெளியே வரும் வாயுவைக் குறைக்க, தீவனத்தில் கடற்பாசிப் பொடி கலக்க வேண்டும். இதைக் கேட்டுத் தம்பி அன்றைக்கு முழுக்கச் சிரித்தான். "மாட்டு ஏப்பத்துக்கு மருந்தா? என் ஏப்பத்துக்கே எவனும் மருந்து தரமாட்டேங்கிறான்."

ஆனால் வேலி போட்டது அவன்தான். குழி தோண்டியது, கம்பி இழுத்தது, மேட்டில் தண்ணீர்த் தொட்டி கட்டிக் குழாய் போட்டது எல்லாம் அவன். தொட்டியின் மிதவை வால்வு மாதத்துக்கு ஒருமுறை சிக்கிக்கொள்ளும். அவன்தான் கையை உள்ளே விட்டுத் தட்டுவான். நல்ல புல் விளையும் கரை நிலம் வேலிக்குள் போய்விட்டதால் மாடு மெதுவாக எடை ஏறியது. ஒவ்வொன்றையும் இன்னொரு குளிர்காலம் வைத்துத் தீனி போட வேண்டியிருந்தது. அந்த நஷ்டத்தை ஈடுகட்டக் கம்பெனி இதுவரை தன் கையிலிருந்து கொஞ்சம் கூட்டிக் கொடுத்தது. இனிமேல் வாங்குகிறவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்று இலைக்காரர் சொல்லிவிட்டார். வழக்கமான விலைக்கு மேல் நூற்றுக்குக் குறைந்தது பதினைந்து கொடுக்க மக்கள் தயாரா என்று பார்க்கத்தான் இன்றைய கூட்டம்.

தயாரில்லை என்றால் வேலி போய்விடும். தம்பி அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தான். "இன்னைக்குத் தேறலன்னா நானே பிடுங்குவேன். அப்புறம் நீ கண்ணைக் கசக்கக் கூடாது." பெரியக்கா சரி என்றிருந்தாள். வேறு என்ன சொல்வது? ஆனால் ஓடையில் இப்போது அடிமண் தெரிந்தது. மாடுகள் கரையை மிதித்துக் குழப்பிய காலத்தில் அது எப்போதும் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஓடும். அவளுக்கு நினைவு தெரிந்து அதன் அடிமண்ணை யாரும் பார்த்ததில்லை. கல்லும் மீன்குஞ்சும் கண்ணுக்குத் தெரிந்த நாளில், வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு அவள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆராய்ச்சிக்காரி எழுந்து நின்றாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள், இளவயதுதான், தூக்கம் போதாத முகம். எல்லோருக்கும் புரியும்படி நிதானமாகப் பேசினாள்.

"வாயால கேட்டா எல்லாரும் கூடுதலா கொடுப்பேன்னுதான் சொல்வீங்க. அதனால நாங்க வாயால கேக்கப் போறதில்ல. மூணு சுற்று நடக்கும். ஒவ்வொரு சுற்றிலயும் ஒரு இறைச்சிப் பொட்டலம் காட்டுவோம். அதுக்கு நீங்க உண்மையிலேயே என்ன விலை கொடுப்பீங்களோ அதை அட்டையில எழுதுங்க. கடைசியில சீட்டுப் போட்டு ஒரு சுற்றை எடுப்போம். அந்தச் சுற்றுல யாரு அதிகமா எழுதியிருக்காங்களோ, அவங்க எழுதின விலையைக் கொடுத்து வாங்கியே ஆகணும். அதனால பெருமைக்கு எழுதாதீங்க."

"அப்ப சிறுமைக்கு எழுதலாமா?" என்றார் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர். சிரிப்பு எழுந்தது.

முதல் சுற்றில் வெறும் பொட்டலம். தின்று பார்த்தார்கள், எழுதினார்கள். இரண்டாவது சுற்றில் அதே இறைச்சி, மேலே அந்தப் பச்சை இலை. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று கீழே ஒரு வரி, அவ்வளவுதான். பெரியக்கா மேசை மேசையாகப் பார்த்தாள். பொட்டலம் கை மாறியது. ஒரு பெண் இலையைக் கட்டைவிரலால் தடவிவிட்டு எழுதினாள். உடற்பயிற்சிக்காரன் முதலில் எழுதியதை அழித்துவிட்டுப் பெரிய தொகையாக எழுதினான். கணினியில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்காரியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த இலைக்காரர், பெரியக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார். தேறிவிட்டது.

தம்பி முழங்கையால் இடித்தான். "பதினைஞ்சைத் தாண்டிருச்சு போலக்கா."

அவளுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நெஞ்சில் சின்னதாக ஒரு முள். ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லையே. இந்த இலை எதற்கு, யார் கொடுத்தது, என்ன செய்தார்கள் என்று ஒரு வாய் திறக்கவில்லையே.

"மூணாவது சுற்று," என்றாள் ஆராய்ச்சிக்காரி. "இந்த மாட்டை வளர்த்தவங்களே வந்திருக்காங்க. எப்படி வளர்த்தாங்கன்னு சொல்வாங்க. கேட்டுட்டு எழுதுங்க."

விவரம் தெரிந்தால் விலை இன்னும் ஏறும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதற்குத்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார்கள். பெரியக்கா எழுந்து தாளைப் பிரித்தாள். 'நிலைத்த வேளாண்மை முறைகளின் வாயிலாக' என்று தொடங்கியது. இரண்டு வரி படிப்பதற்குள் காய்கறிப் பைக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியவர் கொட்டாவி விட்டார்.

கழுத்தில் துண்டு போட்ட உடற்பயிற்சிக்காரன் கையைத் தூக்கினான். "ஒரு கேள்விங்க. இது ஒரே மாட்டோட இறைச்சியா, இல்ல பத்து மாட்டைக் கலந்து கட்டினதா? கடையில எங்க வாங்கினாலும் இதைச் சொல்ல மாட்டேங்கிறாங்க."

நல்ல கேள்வி. மூன்று வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. பெரியக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தை எடுத்து அதில் இருந்த எண்ணைப் பார்த்தாள். மாட்டின் காதில் போட்டிருந்த வில்லையில் இருந்த அதே எண். பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

"ஒரே மாடுதான். சுட்டி."

"சுட்டின்னா?"

"நெத்தியில வெள்ளையா ஒரு சுட்டி. அதனால சுட்டி. ரொம்ப நல்ல பய. கேட்டைத் திறந்தா எல்லாம் முண்டியடிச்சுக்கிட்டு ஓடும், இவன் மட்டும் கடைசியாதான் வருவான். தாண்டினதும் நின்னு திரும்பிப் பாப்பான். நான் கேட்டைச் சாத்தின அப்புறம்தான் நடப்பான். கன்னுக்குட்டியா இருந்தப்ப ஓடைச் சேத்துல மாட்டிக்கிட்டான். தம்பியும் நானும் கயிறு போட்டு இழுத்தோம். அதுக்கப்புறம்தான் வேலி போடணும்னு எனக்கு உறுதியாச்சு. வேலிக்குள்ள மரம் வெச்சோமா, அதோட நிழல் வெளிய எட்டின உடனே அங்க போய்ப் படுத்துக்கிட்டவன் அவன்தான். என் சட்டைக் கைய நக்குவான், உப்புக்கு."

உடற்பயிற்சிக்காரன் வாயில் இருந்ததை மெல்வதை நிறுத்தியிருந்தான். பெரியக்கா அதைக் கவனிக்கவில்லை. அவள் நல்லதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதைவிட நல்லதாக ஒரு மாட்டைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அவள் அறிந்த ஆட்கள் எல்லோரும் மாடு வளர்ப்பவர்கள். அவர்களிடம் ஒரு மாட்டைப் பெயர் சொல்லிப் பேசினால் பொறாமைப்படுவார்கள்.

"அவன்... அவன் இப்ப எங்க?" என்று இலையைத் தடவிய பெண் மெதுவாகக் கேட்டாள்.

பெரியக்கா அவள் தட்டைக் காட்டினாள். "இதோ, உங்க முன்னாலதான்."

கல்லில் கொழுப்பு மட்டும் சடசடத்தது. இலையைத் தடவிய பெண் காகிதத் துண்டை எடுத்துத் தட்டை மூடினாள், முகத்தில் துணி போர்த்துவது போல. உடற்பயிற்சிக்காரன் வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தண்ணீருக்குக் கையை நீட்டினான். பின்வரிசைப் பெரியவர் மட்டும் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் வளந்திருக்கான் பய," என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தாளைப் பிரித்து மிச்சத்தை வேகமாகப் படித்தாள். கடற்பாசி, ஏப்பம், வேலியின் அகலம் எல்லாம் சொன்னாள். யார் காதிலும் ஏறவில்லை. பென்சில்கள் அட்டையைத் தொட்டதும் எடுக்கப்பட்டன. அட்டைகளைச் சேகரித்தபோது பலவற்றில் பூஜ்யம் இருந்தது அவள் கண்ணில் பட்டது.

நடையில், குடிநீர்க் குழாயின் பக்கத்தில், அவள் ஆராய்ச்சிக்காரியைப் பிடித்துக்கொண்டாள். "கெடுத்துட்டேன் இல்ல?"

"இல்லம்மா. நீங்க சொன்னது உண்மைதானே. நாங்கதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி விவரம் போற மாதிரி ஏற்பாடு பண்ணியிருக்கணும். மூணாவது சுற்றை வேற ஆளுங்களை வெச்சுத் திரும்ப நடத்தணும்னு அறிக்கையில எழுதுவேன்."

"திரும்ப நடத்துவாங்களா?"

ஆராய்ச்சிக்காரி குழாயை மூடினாள். "செலவு கம்பெனியோடது," என்றாள்.

திட்டு விழும் என்று எதிர்பார்த்துக் கீழே இறங்கி வந்த பெரியக்காவின் கையை இலைக்காரர் பிடித்துக் குலுக்கினார். முகமெல்லாம் பல். சுவரில் ஒட்டியிருந்த படத்திலிருந்து இறங்கி வந்தவர் போல இருந்தார்.

"பெரியக்கா, நீங்க எங்களுக்குப் பெரிய உதவி பண்ணியிருக்கீங்க."

"நானா சார்?"

"இலையைக் காட்டினா விலை ஏறுது. விவரம் சொன்னா இறங்குது. எவ்வளவு தெளிவான முடிவு பாருங்க."

அவர் சொன்னது அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். அதில் அவளுக்கும் ஆட்சேபம் இல்லை.

வீடு திரும்பும் வழியில் வண்டியில்தான் கோபம் மெல்ல மேலே வந்தது. "ஏன்டா, சுட்டியைத் தெரியாத வரைக்கும் தின்னாங்க. தெரிஞ்சதும் தட்டை மூடுறாங்க. நல்லா வளத்ததைச் சொன்னது தப்பா? ஒருத்தன் அடைச்சு வெச்சு, மூஞ்சியே பாக்காம வளத்தா, அதைக் கூசாம தின்னுவாங்களா?"

"தின்னுவாங்க. ஏன்னா யாரும் போய்ச் சொல்ல மாட்டாங்க," என்றான் தம்பி. சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "நீ போட்டிருக்கியே செருப்பு, அது எந்த மாட்டுத் தோலு, அது எந்த ஓடையில நின்னுச்சுன்னு கடைக்காரன்கிட்ட கேட்டியா?"

"கேட்டா சொல்லியிருப்பானா?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

அவள் செருப்பைப் பார்த்தாள். தள்ளுபடியில் எடுத்தது. அவன் சொன்னது சரி என்பதாலேயே அவளுக்கு இன்னும் எரிந்தது.

சில வாரம் கழித்து இலைக்காரர் பண்ணைக்கு வந்தார். சமையலறை மேசையில் புதிய ஒப்பந்தத்தை விரித்தார். கூடுதல் விலை நூற்றுக்குப் பன்னிரண்டு. பதினைந்தில் மீதி மூன்றும் கம்பெனியின் பங்கு. தம்பியின் கண் பன்னிரண்டிலேயே நின்றுவிட்டது. பெரியக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிபந்தனைகளைப் படித்தாள். பழைய ஒப்பந்தத்தில் அது பல பக்கம். இதில் ஒரு பக்கத்தில் பாதி. கடற்பாசி இல்லை. மரம் இல்லை. அவள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் வெள்ளையாக இருந்தது.

"வேலி எங்க சார்?"

"வேலி இப்ப நிபந்தனை இல்ல. 'இயன்றவரை நீர்நிலைகளைப் பேணுதல்'னு ஒரு வரி இருக்கு பாருங்க."

"இயன்ற வரைன்னா எது வரைக்கும்?"

"அது உங்க இஷ்டம்." இலைக்காரர் தேநீரை ஊதிக் குடித்தார். "பெரியக்கா, கோவப்படாம கேளுங்க. வாங்குறவங்க எதுக்குக் காசு கொடுக்கிறாங்கன்னு நாம நேர்லயே பாத்துட்டோம். இலைக்கு. வேலிக்கு இல்ல. யாரும் கேக்காத ஒரு விஷயத்துக்கு நீங்க எதுக்கு நஷ்டப்படணும்? உங்க நன்மைக்குத்தான்."

"இலை அப்படியே இருக்குமா?"

"அதே இலைதான். கொஞ்சம் பெருசாக்கப் போறோம்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். விலை கொடுக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வேலியைப் பிடுங்கிவிட்டு, விதியை நொந்துகொண்டு போயிருப்பாள். இது அதுவல்ல. விலை கொடுக்கிறார்கள். ஓடைக்காக என்று நம்பி, தங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் காசு அவள் கைக்கும் வரும். ஓடைக்கு மட்டும் ஒன்றும் வராது. இதற்குக் காரணம் அவள் அன்றைக்குத் திறந்த வாய் என்று வேறு இந்த மனிதர் ஆராய்ச்சி முடிவு கையில் வைத்திருக்கிறார்.

"தண்ணி வர்ற பக்கம், மேக்கால இருக்கிற பண்ணைக்காரங்களும் கையெழுத்துப் போடறாங்களா?"

"எல்லாரும் போட்டாச்சு. முன்னால முடியாதுன்னு சொன்னவங்ககூட வந்துட்டாங்க. இப்ப சுலபமாயிடுச்சே."

"அவங்க மாடு இப்ப மறுபடி ஓடையிலதான் நிக்குது."

"நிக்கட்டும்."

"அவங்களுக்கும் இதே இலை."

"அதே இலைதான். ஏன், உங்களுக்கு வேணும்னா நீங்க வேலியை வெச்சுக்கங்க பெரியக்கா. யாரு வேண்டாங்கிறா? காசும் வாங்கிக்கங்க, வேலியும் வெச்சுக்கங்க."

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அதான் சொல்றாரே அக்கா. இதுல என்ன கஷ்டம்?"

பெரியக்கா ஒப்பந்தத்தைத் தன் முன்னாலிருந்து தள்ளி வைத்தாள்.

"அன்னைக்கு ஒரு பொண்ணு அந்த இலையைத் தடவிப் பாத்துட்டு எழுதினா. நான் பாத்தேன். சுட்டி எங்கன்னு கேட்டதும் அவதான். அவ என்ன நினைச்சு எழுதியிருப்பா? எங்கயோ ஒரு இடம் நல்லா இருக்கும்னுதானே. மேல எல்லாரும் மாட்டை இறக்கி விட்டா எங்க கரைக்கும் சேறுதான் வரும். அப்ப அந்த இலை பொய். பொய்யின்னு தெரிஞ்சும் நான் என் மாட்டு மேல ஒட்டிவிடணும். வேலி போட்ட வீட்டு மாடுன்னு என்னையே நீங்க சாட்சிக்கும் கூப்பிடுவீங்க."

"யாரும் பொய் சொல்லல. இலைன்னா இலை, அவ்வளவுதான். அதுல என்ன எழுதியிருக்கு?" என்றார் இலைக்காரர்.

"ஒண்ணும் எழுதல. அதைத்தான் நானும் சொல்றேன்."

தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு எப்பவும் ஊருக்கே நியாயம் பேசணும். வீட்டுக்கு எப்ப பேசுவ? மூணு வருஷமா அந்த மிதவைக்குள்ள கைய விட்டுத் தட்டறது யாரு? நானு. என் கை மரத்துப்போச்சு. காசு வர்ற நேரத்துல நீ சாமியாராப் போற. நான் போட மாட்டேன்னு நினைக்காத."

"போடு. உன் பாதிக்கு நீ போடு."

அவள் கத்தவில்லை. அதனாலேயே அவன் ஒரு நிமிடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நிலம் இருவர் பேரிலும் இருந்தது. அப்பா காலத்தில் நட்ட ஒரு கல் இரண்டு பாதிக்கும் நடுவில் இன்னும் நின்றது. இத்தனை வருடத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. தம்பி பேனாவை எடுத்தான். கையெழுத்து ஒப்பந்தத்தில் கிழிபடும் அளவுக்கு அழுந்தி விழுந்தது.

மாட்டைப் பிரிப்பது நிலத்தைப் பிரிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. கேட்டில் நின்று ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று தம்பியும் அவளும் பேசாமலே பிரித்தார்கள். அவனுடையவற்றின் காதில் இலை பொறித்த பச்சை வில்லை ஏறியது. அவளுடையவற்றில் பழைய மஞ்சள் வில்லையே இருந்தது. தம்பி அவன் பாதியின் வேலியைப் பிடுங்கினான். அவன் போட்ட குழியையே அவன் கிளறி, அவன் இழுத்த கம்பியையே அவன் சுருட்டினான். அவள் அன்றைக்கு வேண்டுமென்றே வீட்டுக்குள் இருந்தாள். சுத்தியல் சத்தம் நின்றபிறகும் அவள் காதில் கேட்டது.

தன் பாதியில் வேலியை வைத்துக்கொள்வதற்கு அவள் சில மாடுகளை முன்கூட்டியே விற்றாள், சாதாரண இறைச்சியாக, சாதாரண விலைக்கு. இலை இல்லாத மாட்டை இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் விலை கேட்டார்கள். ஏதாவது குறை இருக்குமோ என்று வாங்க வந்தவன் வாயைத் திறந்தே கேட்டுவிட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விற்றாள். மிதவை சிக்கினால் இப்போது அவளே கையை விட்டுத் தட்டினாள். உண்மையிலேயே அந்தத் தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. தம்பி சும்மா சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதை அவனிடம் போய்ச் சொல்லவில்லை.

புல் நன்றாக எழுந்திருந்த ஒரு காலையில் இலைக்காரரின் வண்டி வந்து நின்றது. கூடவே கேமராக்காரர் ஒருவர். இலையைப் பெரிதாக்கிய புதுப் பொட்டலத்துக்குப் படம் வேண்டுமாம். இலையின் பின்னணியில் உண்மையான பண்ணை, உண்மையான ஓடை. தம்பி சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான்.

கேமராக்காரர் ஓடைக்கரையில் நடந்து பார்த்தார். தம்பியின் பக்கம் கரை உடைந்து, குளம்புக் குழிகளில் கலங்கல் தண்ணீர் தேங்கி நின்றது. நாணல் மிதிபட்டுப் படுத்திருந்தது. பச்சை வில்லை போட்ட மாடுகள் முழங்கால் ஆழத்தில் நின்று ஈயை ஓட்டிக்கொண்டிருந்தன. கல்லுக்கு இந்தப் பக்கம் பெரியக்காவின் வேலி. அதற்குள் இளமரங்கள், நாணல், மறுகரை வரைக்கும் பச்சை. மேலேயிருந்து வரும் கலங்கல் இங்கே வந்தும் முழுதாகத் தெளியவில்லை; ஆனால் படத்தில் அது தெரியாது.

கேமராக்காரர் இலைக்காரரிடம் ஏதோ சொன்னார். இலைக்காரர் சிரித்த முகத்தோடு பெரியக்காவின் கேட்டருகே வந்தார்.

"பெரியக்கா, ஒரு பத்து நிமிஷம் உள்ள விடுங்க. இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு."

அவள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய மாடுகள் பின்னால் தொட்டியைச் சுற்றி நின்று குடித்துக்கொண்டிருந்தன.

"வெளிச்சம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் சார்."

"இல்ல, பச்சையா இருக்கு. படத்துக்கு எடுப்பா இருக்கும். உங்க பேரு எங்கயும் வராது, கவலைப்படாதீங்க."

"இது இலை போடாத இடம். சாதாரண மாடு. இதைப் படம் பிடிச்சு இலைக்குப் பக்கத்துல போட்டா ஏமாத்தினதா ஆகிடாதா?" அவள் கையை நீட்டித் தம்பியின் கரையைக் காட்டினாள். "நீங்க காசு கொடுக்கிற இடம் அது. உங்க இலை அங்கதான் நிக்குது. அங்க எடுங்க."

இலைக்காரர் தம்பியைப் பார்த்தார். அக்காவிடம் நீங்கள் சொல்லுங்கள் என்ற பார்வை. தம்பி அக்காவையும் அவள் பிடித்திருந்த கேட்டையும் பார்த்தான். அந்தக் கேட்டின் தாழ்ப்பாளை அடித்து வளைத்தவன் அவன்தான். உள்ளே இருப்பவர் திறந்தால்தான் அது திறக்கும். அவன் புதுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தன் பக்கம் நடந்தான்.

"மாட்டையாவது கொஞ்சம் தண்ணியில இருந்து மேல ஏத்துங்களேன்," என்று கேமராக்காரர் அவன் பின்னாலேயே கூவினார். "சேறு தெரியாம எடுத்துக்கறேன்."

தம்பி சேற்றில் இறங்கி, நாக்கைத் தட்டி ஓசை எழுப்பினான். கையால் பின்புறம் தட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வெயில் ஏறியிருந்தது. அவற்றுக்கு அங்கே குளிர்ச்சியாக இருந்தது. காதில் பச்சை வில்லை மின்ன, ஒன்று தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்துவிட்டு, வாலைத் தூக்கி ஓடையில் சாணி போட்டது.